சிற்பியின் உளியும் அறிஞரின் கவராயமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று கோமுகி அணையைக் கடந்தால் சாலை மலையேறத் தொடங்கும். வளைந்து வளைந்து ஏறும் அப்பாதையில், வெள்ளிமலைக்கு அண்மையில் அமைந்திருக்கும் மலையூர் கரியாலூர். சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகளும், சற்றுத் தொலைவில் பெரியார் அருவியும் உள்ள அவ்வூருக்கு, சென்ற ஆண்டு மக்தபு மாணவர்களை ஒரு நாள் உலாவாக அழைத்துச் சென்றிருந்தோம்.

எங்களுடன் ஓர் இளைஞரும் வந்திருந்தார். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் மகன். சென்னையில் வடிவமைப்புக் கலை பயின்று, வீடுகளுக்கும் கடைகளுக்கும் வேண்டிய மரவேலைகளைக் கணினியில் வரைந்து கொடுப்பதே அவருடைய தொழில். அவருடைய ஊர் ஜமாஅத்தார் பள்ளிவாசலுக்குப் புதிய மிம்பர் ஒன்று செய்யத் தீர்மானித்து, அதன் வடிவத்தை வரைந்து தரும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தனர். அதைப் பற்றிய குறை ஒன்று அவர் மனத்தில் இருந்தது.

“ஹஜ்ரத், பழைய முறையில்தான் மிம்பர் இருக்க வேண்டும் என்கிறார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் எவரோ வரைந்த நட்சத்திரங்களை நான் இன்று படியெடுத்துக் கொடுப்பதில் என்ன இருக்கிறது? கணினியைத் தட்டினால் ஒரு நொடியில் நூறு கோலம் கிடைக்கும். அந்தக் காலத்துக் கலை எனக்கு எதைக் கற்றுத்தரப் போகிறது?” என்று கேட்டார்.

கேள்வி நேர்மையான கேள்வி. அதற்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. சாலையோரத்தில் மலைத்தேன் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், தமது தேன் கலப்பற்றது என்று காட்டுவதற்காகத் தேனடையின் துண்டொன்றையும் தட்டில் வைத்திருந்தார். அதைக் காட்டி, “இந்த அறைகள் ஏன் ஆறு பக்கமாக இருக்கின்றன?” என்று அவரிடம் கேட்டோம். அங்கிருந்துதான் எங்கள் பேச்சு தொடங்கியது.

எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் ஒத்த உருவங்களில் ஒரே வகையைக் கொண்டு ஒரு தளத்தை இடைவெளியின்றி நிரப்ப வேண்டுமாயின் மூன்றே மூன்று உருவங்களால்தான் இயலும். முக்கோணம், சதுரம், அறுகோணம் என்பன அவை. ஒரு புள்ளியைச் சுற்றி 360 பாகை இருக்கிறது. முக்கோணத்தின் 60 பாகைக் கோணங்கள் ஆறும், சதுரத்தின் 90 பாகைக் கோணங்கள் நான்கும், அறுகோணத்தின் 120 பாகைக் கோணங்கள் மூன்றும் அதனை மிச்சமின்றி நிரப்பும். ஐங்கோணத்தின் 108 பாகைக் கோணங்கள் மூன்றைச் சேர்த்தால் 36 பாகை வெற்றிடமாக நின்றுவிடும். பொருந்தும் மூன்றிலும், ஒரே அளவு இடத்தை வளைப்பதற்கு மிகக் குறைந்த சுவரைக் கேட்பது அறுகோணமே. மெழுகைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய தேனீக்கு அதுவே உகந்தது. அலெக்சாந்திரியாவின் கணித அறிஞர் பப்பஸ் இதனை நான்காம் நூற்றாண்டிலேயே எழுதினார். அதன் முழுமையான நிரூபணத்தைத் தாமஸ் ஹேல்ஸ் என்னும் அறிஞர் 1999ஆம் ஆண்டில்தான் தந்தார். தன் பெயரால் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே அமையப்பெற்ற அந்தச் சிற்றுயிரின் வீட்டில், தேவை, பொருள், விதி என்னும் மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அழகு அவற்றுக்குப் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டதன்று. அவற்றின் சேர்க்கையிலேயே பிறந்தது.

இடைக்கால இஸ்லாமியக் கைவினை இதே வழியில்தான் வளர்ந்தது. அதனை அறிய ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் பக்தாதுக்குச் செல்ல வேண்டும்.

அப்பாசியக் கலீஃபாக்கள் மூவருக்கு அமைச்சராக இருந்த இப்னு முக்லா, அரபு எழுத்துக்கு அளவுவிதி வகுத்த பெருமைக்குரியவர். நாணற் பேனாவின் முனையைத் தாளில் அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருக்கு அளவுகோல். அப்புள்ளிகளால் அலிஃபின் உயரத்தை அளந்தார். அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தினால் பிற எழுத்துகளின் வளைவுகளை அளந்தார். அரசியற் பகையால் வலக்கை வெட்டப்பட்டுச் சிறையில் வாடிய அவர், ஹிஜ்ரி 328இல், அதாவது கி.பி. 940இல் மறைந்தார். அதே ஹிஜ்ரி ஆண்டில் குராசானத்துப் பூஸ்ஜான் என்னும் ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் பக்தாதின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவராக விளங்கிய அபுல் வஃபா அல்பூஸ்ஜானி அவர்களே அக்குழந்தை.

விண்ணையும் கோணங்களையும் ஆராய்ந்த அபுல் வஃபா, தச்சருக்கும் கொத்தருக்கும் ஓடு பதிப்போருக்கும் என்றே ஒரு நூல் எழுதினார். ‘வடிவியற் செயல்களுள் கைவினைஞருக்கு வேண்டியவை’ என்பது அந்த அரபு நூற்பெயரின் பொருள். கைத்தொழில் செய்வோருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக நிரூபணங்களை விட்டுவிட்டுச் செய்முறையை மட்டும் அதில் தந்தார். கவராயத்தை ஒரே அளவில் விரித்து வைத்துக்கொண்டு, அதை மாற்றாமலே செய்யத்தக்க வரைவுகளையும் கற்பித்தார். கையிலுள்ள கருவியின் குறையை அறிந்து எழுதிய அறிஞர் அவர்.

அந்நூலில் அவர் ஒரு சபையைப் பற்றிச் சொல்கிறார். வடிவியல் அறிஞர்களும் கைவினைஞர்களும் ஒன்றாக அமர்ந்திருந்த அச்சபையில், ஒரே அளவுள்ள மூன்று சதுரங்களிலிருந்து ஒரு பெரிய சதுரத்தைச் செய்வது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அறிஞர்கள் அப்பெரிய சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்பதை எளிதாகக் கோடிட்டுக் காட்டிவிட்டனர். கைவினைஞர்களுக்கு அது போதவில்லை. தங்கள் கையிலுள்ள மரத்தையோ ஓட்டையோ எந்த இடத்தில் வெட்டுவது, எத்துண்டை எங்கே வைப்பது என்பதல்லவா அவர்களுக்குத் தெரிய வேண்டும்! அவர்களும் சில வழிகளைச் சொன்னார்கள். அவற்றுட் சில சரியானவை. வேறு சில கண்ணுக்குச் சரியாகத் தோன்றினும் கணக்கில் பிழையானவை. அறிஞருக்குச் செய்து பழக்கமில்லை. கைவினைஞருக்கு நிறுவிப் பழக்கமில்லை. இரு சாராரின் குறையையும் எடுத்துக்காட்டிய அபுல் வஃபா, பின்னர் தமது வழியை வைத்தார்.

வாசகர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து அதனைக் காகிதத்தில் செய்து பார்க்கலாம். சமமான மூன்று சதுரங்களை வெட்டிக்கொள்க. இரண்டை மூலைக்கு மூலை வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றாவது சதுரத்தை நடுவில் வைத்து, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முக்கோணத்தின் நீண்ட பக்கம் படியுமாறு வைக்க. முக்கோணத்தின் ஒரு கூர்முனை சதுரத்தின் மூலையில் தொடங்க வேண்டும்; நான்கும் ஒரே சுற்றில் வர வேண்டும். நீண்ட பக்கம் சதுரத்தின் பக்கத்தைவிடப் பெரிதாகையால் மறுமுனை வெளியே நீண்டு நிற்கும். இனி, நான்கு முக்கோணங்களின் செங்கோண முனைகளையும் நேர்கோடுகளால் இணைத்தால் பெரிய சதுரம் தோன்றும். கோட்டுக்கு வெளியே நீளும் சிறு துண்டுகளை வெட்டிக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் இடைவெளிகளில் வைத்தால், அவை இம்மியும் பிசகாமல் பொருந்தும். ஒரு துண்டும் வீணாகாது.

கரியாலூரில் அந்த இளைஞர் தமது குறிப்பேட்டின் தாளைக் கிழித்து இதைச் செய்து பார்த்தார். துண்டுகள் பொருந்தியபோது அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைக் கண்டோம். ஆயினும், “இது கணிதம் ஹஜ்ரத், மிம்பருக்கு இது எப்படி உதவும்?” என்று மீண்டும் கேட்டார். “மரத்தைச் செதுக்குகிறவரிடம் கேட்போம்” என்றோம்.

கள்ளக்குறிச்சி வட்டாரம் மரச்சிற்பத்துக்குப் பேர்பெற்றது. 2021ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. தெய்வத் திருவுருவங்கள், கோயில் வாகனங்கள், தேர்ச்சிற்பங்கள், வேலைப்பாடமைந்த கதவுகள் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கும் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. அத்தகைய முதிய சிற்பி ஒருவரிடம் இளைஞரை அழைத்துச் சென்றோம்.

இளைஞர் விரித்த வரைபடத்தைச் சிற்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு, “பாய், உருவம் இல்லாத வேலை எனக்கும் தெரியும்; கொடியும் பூவும் செதுக்காத கதவு உண்டா? ஆனால் இது பலகையில் உட்காராது” என்றார். காரணமும் சொன்னார். ஓரத்தில் நட்சத்திரங்கள் பாதியில் அறுபட்டு நின்றன. மூலையில் ஒரு பக்கத்துக் கோடு மறு பக்கத்துக் கோட்டைச் சந்திக்கவில்லை. மரத்தின் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிய கூர்முனைகளை வெட்டினால் அவை உளி பட்டவுடன் உதிரும். அகன்ற ஒற்றைப் பலகையில் அவ்வளவு வேலை செய்தால், மழைக்காலத்தில் பலகை உப்பும், கோடையில் வெடிக்கும்.

சொல்லிவிட்டு, ஒரு பலகைத் துண்டில் சதுரம் வரைந்தார். அதன் மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடிட்டு, அக்கோட்டின் பாதியளவுக்குக் கவராயத்தை விரித்தார். நான்கு மூலைகளிலும் ஊன்றிப் பக்கங்களில் குறியிட்டார். எட்டுக் குறிகள் விழுந்தன. அவற்றை இணைத்ததும் பிழையற்ற எண்கோணம் வந்தது. சதுரத் தூணை எட்டுப்பட்டைத் தூணாக்கத் தாம் குறிக்கும் முறை அது என்றார். இளைஞர் வியப்புடன் நம்மைப் பார்த்தார். அவருடைய கணினியில் இருந்த எட்டுமுனை நட்சத்திரமும் இதே சதுரத்திலிருந்தும் இதே எண்கோணத்திலிருந்தும்தான் பிறக்கிறது. பக்தாதின் கைவினைஞரும் தமிழகத்தின் சிற்பியும் ஒருவரையொருவர் காணாமலே ஒரே அளவையின் பிள்ளைகளாக இருந்திருக்கின்றனர்.

உண்மையில், அவர்கள் இருவரின் மரபுகளும் நம் மண்ணில் சந்தித்தே இருக்கின்றன. பதினான்காம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களின் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, ஃபத்தன் என்று தாம் எழுதும் கடற்கரைப் பட்டினத்தில், கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலைக் கண்டதாகக் குறிப்பிடுகிறார். துறைமுகத்தில் பெரும் மரத்தூண்கள் மீது எழுப்பிய மண்டபம் ஒன்றையும் வியந்து எழுதுகிறார். கல்லும் மரமும் கைவந்த தமிழ்க் கலைஞர்கள் அன்றே முஸ்லிம்களுக்காகப் பணிபுரிந்தனர் எனக் கொள்வதில் தவறில்லை. பிற்காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில் எழுந்ததும் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதுமான கீழக்கரை ஜும்ஆப் பள்ளியைப் பாருங்கள். குவிமாடம் இல்லை. வரிசை வரிசையாகக் கற்றூண்களும், அவற்றின்மேல் போதிகைகளும், தட்டையான கற்கூரையும் கொண்ட தமிழ் மண்டபம் அது. கோயில் மண்டபத் தூணில் உருவச் சிற்பம் இருக்கும் இடத்தில் இங்கே பூவும் கொடியும் வடிவியற் கோலமும் இருக்கின்றன. உருவம் கூடாது என்ற மார்க்க வரம்பு சிற்பியின் கையைக் கட்டிப்போடவில்லை. அவருடைய கலையிலேயே இருந்த வேறொரு செல்வத்தை முன்னே கொண்டுவந்தது. கட்டச் சொன்னவரும் கட்டியவரும் ஓரிடத்தில் நின்று பேசியிராவிட்டால் அத்தகைய பள்ளி எழுந்திருக்காது.

மரம் உப்பும், வெடிக்கும் என்று நம் சிற்பி சொன்னாரே, அந்த இடர் பழைய தச்சர்களுக்கும் இருந்தது. எகிப்து, சிரியா முதலிய நாடுகளில் பெருமரம் அரிது, கோடையோ கடுமையானது. ஆகவே அங்குள்ள தச்சர்கள் பெரிய பலகைகளைத் தேடாமல், நட்சத்திரமும் பலகோணமுமான சிறு சிறு துண்டுகளைச் செய்து, ஒன்றன் நாக்கை மற்றொன்றின் காடியில் செருகி, ஆணியின்றிப் பிணைத்தனர். ஒவ்வொரு துண்டும் தன் காடிக்குள் சற்றே விரியவும் சுருங்கவும் இடம் இருந்ததால் முழுப்பரப்பும் கோணாமலும் வெடிக்காமலும் நின்றது. நாம் வெறும் அலங்காரம் என்று எண்ணும் அந்த நட்சத்திரக் கோலம், மரத்தின் இயல்புக்குத் தச்சர் கண்ட மருந்தாகும்.

இம்முறையின் சிகரமாக விளங்கியது ஒரு மிம்பர். பைத்துல் முகத்தஸ் சிலுவைப் போராளிகள் வசம் இருந்த காலத்தில், அது மீட்கப்படும் நாளில் மஸ்ஜிதுல் அக்ஸாவில் வைப்பதற்கென்று சுல்தான் நூருத்தீன் ஜங்கி, ஹிஜ்ரி 564இல் (கி.பி. 1168-69) ஹலப் நகரத் தச்சர்களைக் கொண்டு ஒரு மிம்பர் செய்யப் பணித்தார். அத்தச்சர்கள் தம் பெயர்களையும் அதில் பொறித்தனர். நூருத்தீன் 1174இல் மறைந்தார். 1187இல் நகரை மீட்ட சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபி, அந்த மிம்பரை ஹலபிலிருந்து வரவழைத்து அக்ஸாவில் நிறுவினார். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் அது அங்கே நின்றது. 1969 ஆகஸ்ட் 21ஆம் நாள் ஆஸ்திரேலியர் ஒருவன் வைத்த தீயில் அது எரிந்தது. முஸ்லிம் உலகம் முழுவதும் அன்று கலங்கியது. அடுத்த மாதமே ரபாத் நகரில் கூடிய மாநாட்டிலிருந்து இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு தோன்றியது.

எரிந்ததை மீண்டும் செய்ய ஜோர்தானில் முயன்றபோதுதான் உண்மையான இடர் தெரிந்தது. நிழற்படங்கள் இருந்தன, எஞ்சிய சில துண்டுகள் இருந்தன. ஆனால் நிழற்படத்தைப் படியெடுத்து மிம்பர் செய்ய இயலாது. அந்தக் கோலங்களைப் பிறப்பித்த அளவைவிதியையும், துண்டுகளைப் பிணைத்த முறையையும் மீண்டும் கண்டறிய வேண்டியிருந்தது. வடிவமைப்பாளர்கள் கணினியின் துணையோடு அதன் வடிவியலை ஆராய்ந்தனர். பல நாடுகளிலிருந்து வந்த தச்சர்கள் அவர்களோடு அமர்ந்து பணியாற்றினர். ஆணியின்றிக் கோத்த பல்லாயிரம் மரத்துண்டுகளால் அமைந்த புதிய மிம்பர், 2007ஆம் ஆண்டில் அக்ஸாவில் நிறுவப்பட்டது. அபுல் வஃபா கண்ட சபை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் மறுபடியும் கூடியது என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆக, இளைஞரின் கேள்விக்கு விடை இதுதான். இடைக்காலக் கலை இன்றைய வடிவமைப்பாளருக்குத் தருவது படியெடுக்கத்தக்க உருவங்களை அன்று. செய்யும் கையையும், செய்பொருளின் குணத்தையும், கணக்கின் உண்மையையும் ஒரே அமர்வில் வைத்து எண்ணும் பழக்கத்தையே அது தருகிறது. அப்பழக்கம் இல்லாதவருக்குக் கணினி நூறு கோலம் கொடுத்தாலும் ஒன்றும் பலகையில் உட்காராது.

இங்கே நம்மைப் பற்றிய ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நாம் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்த ஊரொன்றில் பழைய பள்ளிவாசலை இடித்துக் கான்கிரீட்டில் கட்டினார்கள். இடம் போதவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கிருந்த மர மிம்பர், பக்கங்களில் சிறு சிறு துண்டுகள் கோத்த வேலைப்பாடு உடையது. வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கண்டிருந்தோம். ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. புதிய பள்ளிக்குப் பளிங்கு மிம்பர் போதும் என்று கூட்டத்தில் பேசப்பட்டது. பழையது விறகுக்கடைக்காரர் ஒருவருக்கு விலைபேசி விற்கப்பட்டது. அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். இளையவர் பேசலாகாது என்று எண்ணி வாய் திறக்கவில்லை. அக்ஸாவின் மிம்பரைப் பகைவன் எரித்தான். அதற்கு நிழற்படமாவது எஞ்சியது. எம் ஊர் மிம்பரை நாங்களே விற்றோம். அதன் அளவைக் குறித்து வைத்தவர்கூட இல்லை. அதை மறுபடி செய்ய எந்தக் கணினியாலும் இயலாது.

இன்றும் பல ஊர்களில் பள்ளிவாசல்கள் விரிவாக்கப்படுகின்றன. தொழுவோர் பெருகுவது மகிழ்ச்சிக்குரியதே; விரிவாக்கம் தேவையே. ஆனால் இடிப்பதற்கு முன்னர் ஒரு நாளை ஒதுக்குங்கள். தூண், போதிகை, கதவு, மிம்பர், மிஹ்ராப் ஆகிய ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, நிழற்படம் எடுத்து வையுங்கள். துண்டுகள் எப்படிக் கோக்கப்பட்டுள்ளன என்று ஊர்த் தச்சரை அழைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காக்கத்தக்கதைக் காத்துப் புதிய கட்டடத்திலேயே சேருங்கள். வடிவமைப்புக் கலை பயிலும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சியும் இல்லை.

மதீனாவில் நம் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு முதல் மிம்பர் செய்யப்பட்ட வரலாற்றை ஹதீஸ் நூல்கள் பாதுகாத்துள்ளன. அது மூன்று படிகளை உடையது. காபா என்னும் இடத்துக் காட்டுமரத்தால் ஒரு தச்சர் செய்தது. அவ்விடமும் மரத்தின் வகையும், தச்சரிடம் சொல்லி அனுப்பிய செய்தியும் கூட மறவாமல் அறிவிக்கப்பட்டுள்ளன. ஒரு மரப்பொருளின் வரலாற்றை இத்துணைக் கருத்தோடு காத்த முன்னோரின் வழியில் வந்த நாம், நம் ஊர் மிம்பர்களை அறியாமல் இருப்பது முறையாகுமா?

அந்த இளைஞர் இப்போது மாதம் இருமுறை சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வருகிறார். கணினியில் வரைந்ததைச் சிற்பியின் முன் விரிக்கிறார். சிற்பி சொல்லும் திருத்தங்களைக் குறித்துக்கொண்டு மீண்டும் வரைகிறார். எட்டுமுனை நட்சத்திரம் ஓரத்தில் அறுபடாமல் முழுமையாக நிற்க, பலகையின் அகலத்தை எத்தனை பங்காக வகுப்பது என்பதை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்துவிட்டனர். காடியும் நாக்கும் வைத்து முதற் சட்டத்தைக் கோத்தாயிற்று. ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அது தாங்குகிறதா என்று பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடங்க வேண்டும் என்கிறார் சிற்பி. ஜமாஅத்தாரும் அதற்கு இசைந்துள்ளனர். இன்ஷா அல்லாஹ், அடுத்த ரமழானுக்குள் அந்த மிம்பரில் குத்பா ஒலிக்கும்.